மெத்தைக்காரியின் மூட்டை

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டுக்காரியை எல்லோரும் மெத்தைக்காரி என்றுதான் கூப்பிடுவோம். மெத்தை, தலையணை தைப்பது அவள் தொழில். வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டில் ஒரு மெத்தைகூடக் கிடையாது. அவளும் அவள் அக்கா மகளும் பாயில்தான் படுப்பார்கள். தலைமாட்டில், கதவை ஒட்டி, ஒரு மூட்டை இருக்கும். கயிறு போட்டு இறுக்கி, தோளில் மாட்ட இரண்டு பக்கமும் பட்டை தைத்த மூட்டை. ஓர் ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற உயரம். முதல் தடவை அந்த வீட்டுக்குள் போனபோது யாரோ விருந்தாளி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குடியிருப்பில் மூத்தவளை இளையவள் அக்கா என்பாள், அது தானாக வருகிற பேச்சு. மெத்தைக்காரி மட்டும் யாரையும் அக்கா என்று கூப்பிட மாட்டாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். ஆனாலும் என்னை "இஸ்திரிம்மா" என்பாள். நான் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவள், பெயர் பொருத்தம்தான். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. மட்டு மரியாதை தெரியாதவள் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

ஆறு ஊருக்குள் புகுந்து எங்கள் வீடு வாசலையெல்லாம் வழித்து எடுத்துப் போன பிறகு, தப்பியவர்களுக்கு இந்த மேட்டில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. ஒரே பச்சைக் கதவு, ஒரே ஜன்னல், கதவுக்குப் பின்னால் ஒரே இடத்தில் ஆணி. குலுக்கல் போட்டுச் சாவி கொடுத்ததால் அண்ணன் ஒரு கோடி, தம்பி ஒரு கோடி. பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. ஆரம்பத்தில் பாதிப்பேர் வீடு மாறி நுழைந்தோம். கோழிக்காரம்மாவின் வீட்டுக்காரர் ஒருநாள் நேரே என் வீட்டுக்குள் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்து முடித்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவர், வெறும் உடம்போடு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, வெள்ளத்தில்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார். சட்டையை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினேன். கூலி இன்றுவரை வரவில்லை.

மூட்டை வைத்திருந்தது மெத்தைக்காரி மட்டுமல்ல. சூடு கண்ட பூனைகள் நாங்கள். வீட்டுக்கு ஒரு மூட்டை கட்டாயம் உண்டு. ரேஷன் அட்டை, இரண்டு மாற்றுத் துணி, மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் சான்றிதழ். என் மூட்டையில் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியும் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தால் போதும், எல்லோர் கண்ணும் கதவுப் பக்கம் போய்விடும். யாரும் பீரோ வாங்கவில்லை, கட்டில் வாங்கவில்லை, சுவரில் ஒரு படம் மாட்டவில்லை. வீடு வந்தும் நாங்கள் இன்னும் குடி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் மெத்தை விற்கப் புறப்பட்டால் என்ன ஆகும்? மெத்தைக்காரி வீடு வீடாகப் போய்க் கேட்டாள்.

"பாய் போதும்மா. தூக்கிட்டு ஓட முடியாததை வாங்கி வச்சு என்ன பண்றது?" என்றார்கள்.

தலையணை மட்டும் போனது. தலையணையை மூட்டைக்குள் திணித்துவிடலாம் அல்லவா? பஞ்சைக் கம்பால் அடித்து அடித்து அவள் தலையணை தைத்தாள். வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் மெத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் கையால் அடித்து அவர் கேட்கிற அளவுக்குக் கொடுக்க முடியாது, பஞ்சு அடிக்கிற மெஷின் வேண்டும். மெஷின் வந்தால்தான் அவள் அக்கா மகள் மேலே படிப்பாள். இல்லாவிட்டால் அவளும் சித்தியோடு கம்பு பிடிக்க வேண்டியதுதான். தூசியில் அவளுக்கு இப்போதே இருமல்.

அந்தச் சமயத்தில்தான் குழுக்கடன் வந்தது. அடமானம் வேண்டாம், ஆள் ஜாமீன் போதும். ஆனால் ஜாமீன் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடாது, ஒரே வரிசையில் அடுத்தடுத்த ஐந்து வீட்டுப் பெண்களாக இருக்க வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்ட வேண்டும். ஒருத்திக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டால் ஐந்து பேருக்கும் கிடையாது. முன்பின் தெரியாதவர்களை ஒரே கயிற்றில் கட்டிப்போடுகிற ஏற்பாடு.

எங்கள் ஐந்து பேரையும் பாருங்கள். தலைவி, கோழிக்காரம்மா. கோழிக்கூண்டு போடக் கடன் வேண்டும். அடுத்தது நான், தள்ளுவண்டிக்கு. அப்புறம் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் இருவர். பிரித்துப் போட்ட குலுக்கல் இவர்களை மட்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைத்துப் பழிவாங்கியது. இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. "அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று நம்மைப் பார்த்துத்தான் பேசுவார்கள், எதிரே நின்றுகொண்டே. சொந்தக்காரர்கள் ஜாமீன் கூடாதே என்று கேட்டதற்கு, "எங்களுக்குள்ள எந்தச் சொந்தமும் இல்லை" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ஐந்தாவது ஆள் மெத்தைக்காரி.

வீடு பார்க்க ஒரு கடன் ஆபீசர் வந்தார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனார். நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் கதவோரம் பார்த்தார். மெத்தைக்காரி வீட்டில் வெகு நேரம் நின்றார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"எப்பம்மா கிளம்புறீங்க?" என்றார்.

"எங்க சார்?" என்றாள் கோழிக்காரம்மா.

"அஞ்சு வீட்லயும் மூட்டை கட்டி ரெடியா இருக்கு. அந்த வீட்ல தோள்ல மாட்டப் பட்டையே தச்சிருக்காங்க. என்கிட்டயே கேக்குறீங்களே."

வெள்ளத்துக்காகக் கட்டி வைத்தது என்று நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஐந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னால் உண்மையும் பொய் மாதிரிதான் கேட்கும். அவர் தலையைச் சொறிந்தார்.

"போன தடவை ஒரு இடத்துல நம்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனா வரிசையாப் பூட்டு. ஒரு ஈ காக்கா இல்லை. அதுக்கு ஆபீசுல வாங்கின பேச்சு எனக்கு இன்னும் ஓயலம்மா. இன்னொரு தடவை வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா, வேண்டாம்னுதான் எழுதணும். கோவிச்சுக்காதீங்க."

அவர் வண்டி திரும்புவதற்குள் கோழிக்காரம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மூட்டைகளை அவிழ்க்க வேண்டும், அல்லது அவர் வருகிற அன்றைக்கு வேறு வரிசையில் ஒளித்துவைக்க வேண்டும். நாங்கள் தலையாட்டினோம். மெத்தைக்காரி மட்டும் மாட்டேன் என்றாள்.

"அவுக்கவும் மாட்டேன். ஒளிக்கவும் மாட்டேன். அன்னைக்குன்னு மழை வந்தா?"

"ஒரு நாள்தானே?"

"தண்ணி வந்ததும் ஒரு நாள்தான்."

எழுந்து போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்புக்கரி இல்லாமலே துணி தேய்த்திருப்பேன். இவள் ஒருத்தியின் பிடிவாதத்தால் ஐந்து வீட்டுப் பிழைப்பும் போக வேண்டுமா? மறுநாள் காலை அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகட்டும் என்று காத்திருந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். நான் மூன்று கேள்வி கேட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. நாலாவது கேள்விக்கு ஊசியைக் கீழே வைத்தாள்.

"இஸ்திரிம்மா, அன்னைக்கு எங்க வீட்ல ரெண்டு மூட்டை. அக்காவோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு. ரெண்டுமே ஒரே மாதிரி போர்வையில கட்டினது. தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு. நான் புள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு, கைக்குக் கிடைச்ச மூட்டையை முதுகுல போட்டுக்கிட்டு ஓடினேன். அக்கா பின்னாடியே வந்தா. திருப்பத்துல நின்னு, 'ஐயோ, என் மூட்டை. புள்ளையோட சர்ட்டிபிகேட் எல்லாம் அதுலதான் இருக்கு. இரு, எடுத்துட்டு வந்துடறேன்'னு திரும்பினா."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"முகாமுக்குப் போய் முடிச்சை அவுத்தேன். மேலேயே அக்கா சேலை. அவ தேடிப் போன மூட்டை என் முதுகுல இருந்திருக்கு. திரும்பக் கட்டினது கட்டினதுதான். முகாம்ல கிடைச்ச சாமானையெல்லாம் மேலே வச்சுக் கட்டினேன். உள்ள அவளோடது அப்படியே இருக்கு. புள்ளைக்குத் தெரியாது."

கேட்க வந்த கேள்வியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் நகர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழவில்லை அவள். அழுதது நான்தான். நம் வாய்க்கு ஒரு பூட்டு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து, சமாதானமாக இருக்கட்டும் என்று, "இனிமே யாரு திரும்பிப் போகப் போறா?" என்றேன்.

"போவாங்க. எல்லாரும் போவாங்க. நீங்களே அந்த ஓட்டை இஸ்திரிப் பெட்டிக்காகத் திரும்புவீங்க."

உண்மைதான். திரும்பியிருப்பேன். அது என் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பெட்டி.

அவள் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், மெத்தைக்கு அளவு சொல்கிற குரலில் சொன்னாள்.

"மூட்டை வீட்ல இருந்தாத்தானே அதுக்குன்னு திரும்பணும். நாம ஓடிப் போய்ச் சேர்ற இடத்துலயே அது இருந்தா?"

மேட்டு உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் அடியில் மோட்டார் ரூம், கான்கிரீட் கூரை, இரும்புக் கதவு. ஆபத்து வந்தால் எல்லோரும் அங்கேதான் ஏற வேண்டும் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். அன்றே ஐந்து பேரும் மோட்டார்க்காரரைப் போய்ப் பார்த்தோம். சாவி அவர் இடுப்பில் இருக்கும். அவர் முதலில் சட்டம் பேசினார், அப்புறம் தாடையைத் தடவினார்.

"உள்ள மூலையில காய்ஞ்ச இடம் ஒண்ணு இருக்கு. அங்க என் மூட்டை இருக்கட்டும். மத்த இடமெல்லாம் உங்களுக்கு" என்றார். அவர் வீட்டிலும் மூட்டை இருந்திருக்கிறது பாருங்கள்.

கொண்டுபோய் வைப்பதற்கு முன் மெத்தைக்காரி மூட்டையை அவிழ்த்தாக வேண்டும். மூட்டையை எலி கடித்திருந்தது, உள்ளே எலி இருந்து, அப்படியே வைத்தால் மற்ற மூட்டைகளும் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்ணை எதிரே உட்கார வைத்து, அவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். கூட இருக்கச் சொன்னது அவள்தான், ஆனால் உள்ளே போகக் கால் வரவில்லை. சித்தி சொல்லி முடித்த பிறகு அந்தப் பெண் சேலைகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவள் கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்து மெத்தைக்காரி மூச்சை அடக்கியிருந்தாள் என்று எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

"இந்த நீலச் சேலையத்தான் அம்மா எனக்குப் போர்த்திவிடுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

பிறகு, "எலி கடிச்ச சேலையைக் கட்டிக்க முடியாது, இல்ல சித்தி?" என்றாள். அதற்கும் பிறகு, "இதுல மெத்தை தைச்சா நாம படுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

உள்ளே சித்தி அழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அட்டைகளும் சான்றிதழும் ஒரு சின்னப் பைக்குள் அடங்கி மேலே போய்விட்டன. சேலைகளைக் கிழியாத பக்கமாக வெட்டி மேலுறை தைத்தாள். தலையணைக்கென்று வாங்கி வைத்திருந்த பஞ்சு முழுவதையும் அடித்தாள். ஐந்து பேரும் முறை வைத்து அடித்தோம். என் தலையில் எது நரை, எது பஞ்சு என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு பஞ்சு. உறையை விரித்துப் பிடிக்க எதிரெதிராக இரண்டு பேர் வேண்டும். ஓரகத்திகள்தான் சும்மா இருந்தார்கள்.

"அவங்களை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க" என்றாள் மூத்தவள்.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள் இளையவள்.

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு இழுங்க" என்றாள் மெத்தைக்காரி. இருவரும் சிரித்துவிட்டார்கள். மற்றபடி நிலைமை மாறவில்லை.

மெத்தை சாதாரண மெத்தை அல்ல, இரட்டைக் கனம். கடையில் கேட்டால் இப்படிப் பஞ்சைக் கொட்டினால் கட்டுப்படியாகாது என்பார்கள். நீள ஊசியால் குத்தி இழுத்து, நடுநடுவே முடிச்சுப் போட்டு முடித்தாள். அன்றைக்கு அந்தப் பெண் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள்.

ஆபீசர் மறுபடி வந்தார். நாங்கள் சந்தோஷமாக வீட்டைத் திறந்து காட்டினோம். முதல் வீடு பார்த்தார், இரண்டாவது வீடு பார்த்தார், என் வீடு பார்த்தார். கதவோரம் சுத்தமாக இருந்தது. ஆனால் அவர் முகம் போன தடவையைவிட இருண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

"மூட்டையெல்லாம் எங்கம்மா?"

"மேல அனுப்பிட்டோம் சார்" என்றாள் கோழிக்காரம்மா பெருமையாக.

"அனுப்பிட்டீங்களா?" அவர் பேனாவை எடுத்தார். "அப்ப சாமானை முன்னால அனுப்பிட்டீங்க. இனி ஆள் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி."

மோட்டார் ரூம், எலி, மோட்டார்க்காரரின் காய்ந்த மூலை என்று ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்துக் குழப்பினோம். அவர் எழுதவே தொடங்கிவிட்டார். அப்போது மெத்தைக்காரி முன்னால் வந்தாள்.

"சார், மூட்டையை மேலே வந்து பாருங்க, வேண்டாம்னா விடுங்க. ஆனா எழுதறதுக்கு முன்னாடி என் வீட்டுக்கு வாங்க."

உள்ளே அறையின் பாதியை அடைத்துக்கொண்டு மெத்தை கிடந்தது. நீலம், மஞ்சள், பச்சை என்று சேலை சேலையாக.

"இதைக் கொஞ்சம் தூக்குங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். ஒரு மூலை எழுந்தது, மற்ற மூன்று மூலையும் அசையவில்லை. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். முகம் சிவந்தது. விட்டுவிட்டார்.

"ஓடுறவ இதைத் தைப்பாளா சார்?" என்றாள் மெத்தைக்காரி. "என் அக்கா சேலையில தச்சிருக்கேன். இதை இங்க போட்டுட்டு நான் எங்க போவேன்?"

அவர் குனிந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். பிறகு எங்களோடு மேட்டுக்கு ஏறி வந்து மோட்டார் ரூமையும் பார்த்தார். அடுக்கியிருந்த மூட்டைகளை எண்ணாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே இறங்கும்போது எழுதியிருந்த தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடன் வந்தது. மெஷின் வந்தது. வெளியூர்க் கடைக்காரர் வண்டி வைத்து மெத்தை எடுத்துப் போக ஆரம்பித்தார். ஆனால் அவருக்கு முன்பே மெத்தை வாங்கியது எங்கள் வரிசைதான். மூட்டை வெளியே போனதும் வீட்டுக்குள் இடம் வந்துவிட்டது. மற்ற வரிசைக்காரர்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். மோட்டார்க்காரர் தன் மூலையை இழந்தார்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை, சட்டைகள் மேசைமேல் குவிந்திருந்த நேரத்தில், மேலே மோட்டார்க்காரர், மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைத் தட்டினார். தட்டினால் ஏற வேண்டும். கீழ் ஓடையில் தண்ணீர் கரை தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடும்போது என் இரண்டு கையும் காலியாக இருந்தன. கோழிக்காரம்மா ஒரு கையில் புருஷனைப் பிடித்திருந்தாள். இளைய ஓரகத்தி சேற்றில் வழுக்கியபோது மூத்தவள் எட்டி அவள் கையைப் பிடித்தாள், உச்சிவரை விடவில்லை. "அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று இந்தத் தடவை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

வரிசை திரும்புகிற இடத்தில், எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண் நின்றுவிட்டாள். திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

"சித்தி, மெத்தை. அம்மா சேலை."

எனக்கு உயிரே போய்விட்டது. மெத்தைக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"கிடக்கட்டும். நனைஞ்சா பிரிச்சுக் காய வச்சு மறுபடி அடிச்சுடலாம். பஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது. நட."

அந்தப் பெண் நடந்தாள்.

தண்ணீர் கடைசி வரிசையின் படிகளை நனைத்ததோடு நின்றுவிட்டது. அது மத்தியானம்தான் தெரிந்தது. மேலே மோட்டார் ரூமுக்குள் நெருக்கியடித்து நின்றபோது ஒன்றும் தெரியாது. மெத்தைக்காரி வாசலில் நின்று எங்கள் வரிசை ஆட்களை விரல் நீட்டி எண்ணினாள். முடிந்ததும் மறுபடி எண்ணினாள். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தி, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உடம்பெல்லாம் குலுங்க அப்படி ஓர் அழுகை. பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். "என்னடி, எல்லாரும்தான் வந்துட்டோமே. இனி எதுக்கு அழற?"

அவள் என் தோளில் சாய்ந்தாள்.

"அதுக்குத்தான்க்கா" என்றாள். "எல்லாரும் வந்துட்டோம்."